அம்மன் வண்டியில் இறக்கிய காற்று

உத்திரமேரூர் ஸ்டாண்டில் புதிதாகப் பிக்கப் வண்டி போட்டிருக்கும் தம்பிகளுக்கு,

வண்டி வாங்கியதும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். முன்கண்ணாடியில் குலசாமி பெயரை எழுதுவீர்கள். அடுத்து டயரை மாற்றுவீர்கள். கம்பெனி கொடுத்த டயர் உங்கள் கண்ணுக்குச் சோறு காணாத பிள்ளை மாதிரி தெரியும். அதைக் கழற்றித் தள்ளிவிட்டு, அகலமாக, கட்டை கட்டையாக, ஜல்லி மெஷினுக்குப் போடுகிற மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவீர்கள். நிற்கும்போது வண்டி அழகாகத்தான் இருக்கிறது. நிற்கிற வண்டிக்கு யாரும் வாடகை கொடுப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

இடுப்பு ஒத்துழைக்காததால் நான் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிவிட்டேன். இப்போது காலையில் நாஷ்டா முடிந்ததும் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து உங்கள் டயர்களைப் பார்ப்பதுதான் வேலை. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் கிழவன் புலம்புகிறான் என்று விட்டுவிடுங்கள்.

நம் ஸ்டாண்டிலேயே ஒருவர் அப்படித் தடி டயர் போட்டார். ஸ்டியரிங்கைத் திருப்புவது ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது போல ஆகிவிட்டது. பஸ் நிலைய முனையில் வளைக்கும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசிக் கர்ரென்று சத்தம் போடும். மழை பெய்தால் வந்தவாசி சாலையில் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும், அவர் கூடவே போவார். கேட்டால், "வண்டி கெம்பீரமா கீதுப்பா" என்பார். "கெம்பீரம் கீது, திரும்புதா?" என்று நான் கேட்டதற்கு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பழைய அளவிலேயே டயர் மாற்றிக்கொண்டு வந்து தானாகவே பேசினார்.

உங்கள் வண்டியின் டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த அளவு டயர், சுமையோடு எவ்வளவு காற்று, காலியாக எவ்வளவு காற்று, எல்லாம் அதில் இருக்கிறது. பாதிப் பேர் அதன் மேலேயே எலுமிச்சம்பழம் மிளகாய் ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அதைப் பிய்த்துவிட்டுக் கீழே உள்ளதைப் படியுங்கள். பிறகு உங்கள் பிழைப்பு எங்கே நடக்கிறது என்று யோசியுங்கள். சேற்று வயலுக்குள் இறங்கி நெல் மூட்டை ஏற்றுகிறவருக்குக் கட்டை டயர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் தார் ரோட்டிலேயே ஓடுகிறவருக்கு எதற்கு? சத்தமும் டீசல் செலவும்தான் மிச்சம். ஆயுத பூஜைக்கு டயருக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் பக்கவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரையில் படுகிற இடத்திலும் பளபளவென்று பூசிவிட்டு, முதல் பிரேக்கில் மஞ்சள் குங்குமத்தோடு டீக்கடைப் பெஞ்சுக்குள் நுழைந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பெஞ்சில் இருந்தவன் நான்.

எனக்கு டயர் பற்றி முதலில் புத்தி சொன்னவர் பஜாரில் டயர் கடை வைத்திருந்த ஒரு பாய். விற்கிற ஆள்தான், இருந்தாலும் வேண்டாததை விற்க மாட்டார். ஒருமுறை என் கையில் இரண்டு புது டயருக்கு மட்டும் வசதி இருந்தது. ஸ்டியரிங் இருப்பது முன்னால், எனவே புதுசு முன்னால் என்று நான் வழக்கம்போலச் சொன்னேன். பாய் ஜாக்கியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா பாய், பின்னாடி போறீங்க?"

"முன்னாடி வழுக்குனா உன் கையிக்கித் தெரியும் முருகேசு. கால எடுத்துக்குவ. பின்னாடி வழுக்குனா உனுக்குத் தெரியறதுக்குள்ள வண்டி ரோட்டுக்குக் குறுக்கால நிக்கும். காலி வண்டில உன் பின்னாடி இன்னா வெயிட்டு கீது? கோணி கீது, கயிறு கீது. புதுச பின்னாடி போடு."

போட்டேன். அன்றிலிருந்து மழைக்காலத்தில் என் வண்டியின் வால் ஆடியதில்லை. ஒரே அச்சில் இடது பக்கம் ஒரு ரகம், வலது பக்கம் வேறு ரகம் போடாதே என்பதும் அவர் சொன்னதுதான். இரண்டு கால்களுக்கு இரண்டு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு நடந்து பார் என்றார். நான் நடந்தே பார்த்தேன், அந்த வயது அப்படி.

டயர் விஷயம் இவ்வளவுதான். வாங்கும்போது ஒருமுறை யோசித்தால் போதும். காற்று அப்படியல்ல, தினமும் யோசிக்க வேண்டும். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அறுவடை வந்துவிட்டால் மூட்டை ஏற்றுவதற்காகப் பின் டயரைக் கல் மாதிரி அடித்துக்கொள்வோம். மூட்டையை இறக்கிவிட்டு அதே காற்றோடு காலியாகத் திரும்புவோம். வண்டி வெட்டுக்கிளி மாதிரி குதித்துக்கொண்டு வரும். குதிக்கிற டயர் தரையில் இருப்பது பாதி நேரம்தான். தரையில் இல்லாத டயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. இதை நான் நூறு தடவை சொல்லியும் கேட்காதவர்களுக்காகத்தான் ஆற்றுத் திருவிழாவில் நடந்த கதையை முழுதாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் பெருநகர் என்கிற ஊருக்கும் நடுவில். தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் எல்லாம் செய்யாற்று மணலுக்கு வரும். ஒவ்வோர் ஊர்ச் சாமியும் வரிசையில் நின்றபிறகுதான் தீபாராதனை. எங்கள் அம்மன் வழக்கமாக ஊரில் ஒரு வீட்டு டிராக்டரில் போவாள். அந்த வருடம் அந்த டிராக்டர் எஞ்சின் பிரித்துக் கிடந்தது. தர்மகர்த்தா என் வீட்டுக்கு வந்தார். வயதில் பெரியவர், நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

"முருகேசு, இந்த வாட்டி அம்மன் உன் வண்டிலதான் வர்றா. இன்னா சொல்ற?"

"நான் இன்னா நைனா சொல்றது, குடுத்து வெச்சிருக்கணும்" என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். அவர் போன பிறகுதான் பயம் பிடித்தது.

ஏன் என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் தொழிலில் எஞ்சினுக்கு அடுத்தபடி ராசி. தை பிறந்தால் கல்யாணம். கல்யாணம் என்றால் பீரோ, கட்டில், சீர்வரிசை. அதை ஏற்றுகிற வண்டி ராசியான வண்டியாக இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் சீர்வரிசையோடு நடுவழியில் நின்றுபோன வண்டி ஒன்று நம் ஸ்டாண்டில் இருந்தது. கிளட்ச் ஒயர் அறுந்ததற்கு அந்த டிரைவர் என்ன செய்வார்? ஆனால் அதற்குப் பிறகு எருவைத் தவிர வேறு எதையும் யாரும் அதில் ஏற்றவில்லை. கடைசியில் வேறு மாவட்டத்தில் கொண்டுபோய் விற்றார். ஒரு வீட்டுச் சீர்வரிசைக்கே இந்தக் கதி என்றால், ஊர்ச் சாமியோடு நின்றால் என்ன ஆகும்? என் மனைவி சுருக்கமாகச் சொன்னாள்.

"ஒயுங்கா போயி ஒயுங்கா வந்து சேரு. நடுவால நின்னுச்சின்னா நாளிக்கி ஒருத்தனும் உன் வண்டில தாம்பூலத் தட்டு கூட ஏத்த மாட்டான்."

முந்தின நாளே வண்டியைக் கோயிலில் விட்டுவிட்டேன். ஊர் இளைஞர்கள் மூங்கில் கட்டி, பூத் தைத்து, தென்னை உயரத்துக்கு என்று சொல்ல முடியாவிட்டாலும் என் வீட்டுக் கூரை உயரத்துக்கு அலங்காரம் செய்திருந்தார்கள். காலையில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. என் வண்டியா இது என்று சுற்றி வந்தேன். சுற்றி வரும்போது வழக்கம்போலக் கட்டைவிரலால் டயரை அழுத்தினேன். விரல்தான் வலித்தது.

"காத்து அடிச்சிங்களாப்பா?"

"ஆமாண்ணா. சாமி வண்டியாச்சே. கொறஞ்சிட்டா பேஜாராயிடும்னு நாலுத்துக்கும் கல்லு மாதிரி அடிச்சிட்டோம்" என்றார்கள், பெருமையாக.

இது நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. சாமிக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாது, எனவே காற்றிலும் குறை வைக்கக் கூடாது. நெய்யைக் கூடுதலாக ஊற்றுகிற மாதிரி காற்றையும் கூடுதலாக அடித்திருந்தார்கள். பக்தியில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அம்மனும் அலங்காரமும் சேர்ந்து ஒரு நெல் லோடின் எடைகூட இல்லை. உயரம்தான் அதிகம். நான் வால்வு மூடியைத் திருகப் போனேன். தர்மகர்த்தா பார்த்துவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா காத்தப் புடுங்காத முருகேசு. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

நான் யோசித்தேன். தார் ரோட்டில் உயரமான சுமைக்குத் தொளதொள டயரும் ஆகாது, வண்டி தள்ளாடும். கெட்டியாக இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான், மெதுவாகப் போனால் சமாளிக்கலாம். மணலுக்கு மட்டும் இது சரிவராது, ஆற்றங்கரையில் நிறுத்தி இறக்கிக்கொள்ளலாம் என்று மூடியைத் திருப்பிப் போட்டேன்.

வழியெல்லாம் அம்மன் குதித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் கிரீடம் ஒரு பக்கம், பூசாரி ஒரு பக்கம். மேளக்காரர்களை முன்னால் விட்டு மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தேன். பூசாரி ஒருமுறை ஜன்னல் வழியாகக் குனிந்து, "முருகேசு, தாயி நெஜமாவே ஆடறா" என்றார்.

கரையை எட்டியபோது என் திட்டம் ஆற்றோடு போனது. பின்னால் இரண்டு ஊர்ச் சாமிகள், முன்னால் வெடி, பக்கவாட்டில் பொரி கடலைக் கடைகள். நிறுத்த இடமில்லை. தர்மகர்த்தா சரிவின் கீழே நின்றுகொண்டு இரண்டு கையாலும் வா வா என்கிறார். பின்னால் ஹாரன். தம்பிகளே, பின்னால் ஹாரன் அடிக்கிறவர் உங்கள் டயருக்கு எந்தக் காலத்திலும் பொறுப்பேற்க மாட்டார். இது இன்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. அன்று சரிவில் இறங்கினேன்.

டிராக்டர்கள் போன தடத்தில் கொஞ்ச தூரம் போனது. வரிசையில் நிற்கும் மற்ற சாமிகள் கண்ணுக்குத் தெரிகிற தூரம். அங்கே பின்சக்கரம் மெத்தையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. சுற்றியிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"மிதிண்ணா! நல்லா மிதி!"

என் காலும் மிதிக்கத்தான் துடித்தது. ஊரே மிதி மிதி என்கிறபோது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது. மிதித்தால் சக்கரம் தானே குழி தோண்டும், அச்சு மணலில் உட்கார்ந்துவிடும், அதன் பிறகு டிராக்டர் கட்டித்தான் இழுக்க வேண்டும். காலை எடுத்தேன். எஞ்சினையும் அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். எஞ்சின் சத்தம் நின்றதும் மேளமும் நின்றது. அதுதான் என் வாழ்க்கையிலேயே மோசமான அமைதி.

"அம்மனுக்கு இஷ்டம் இல்ல போல கீதுப்பா" என்றார் ஒருவர்.

"வண்டிலதான் இன்னாவோ கீது" என்றார் இன்னொருவர்.

பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் சாமியைப் பெரிய லாரியில் கொண்டுவந்து கரையோரக் கெட்டித் தரையிலேயே நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"எங்க ஊர்ல டிராக்டர் கீது. உங்க தாயிய வோணும்னா அதுல ஏத்தி வுடலாமா?"

உதவிதான். ஆனால் அந்த உதவியை எங்கள் ஊர் ஏழு தலைமுறைக்கு மறக்காது. என் வண்டியிலிருந்து அம்மனை இறக்கி, பக்கத்து ஊர் டிராக்டரில் ஏற்றினால், நாளைக்கு நானும் எருதான் அள்ள வேண்டும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பின்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து வால்வு மூடியைக் கழற்றினேன். தர்மகர்த்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பண்ற? சாமி ஏறுன வண்டில காத்து எறங்குனா அபசகுனம்டா!"

"நைனா, மணல்ல குதிகால ஊனுனா பொதையும். பாதத்த பரப்பி வெச்சா நடக்கலாம். டயரும் அப்டித்தான். கொஞ்சம் எறக்குனா அகலமாவும், மேலால ஏறிக்கும்."

"கம்முனு இரு. இவ்ளோ ஒசரம் கட்டி வெச்சிக்கீது, காத்து போயி வண்டி சாஞ்சா தாயி கீய வுயுவா. அப்புறம் ஊர்ல மய பேயாது."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் சாயத்தான் செய்யும். இரண்டு பக்கமும் சமமாக இறக்குவேன் என்று நான் சொன்னதைக் கேட்கிற நிலையில் அவரும் இல்லை, ஊரும் இல்லை. சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து பூங்காவனம் அக்காவின் குரல் கேட்டது. அக்காவுக்கு ஆற்றோரத்தில் கத்திரித் தோட்டம். சந்தை நாள் தவறாமல் என் வண்டியில்தான் கூடைகளை ஏற்றுவார். தோட்டத்துக்குப் போவது மணல் பாதை. அங்கே நான் காற்றை இறக்கிக்கொண்டு போவதையும், தார் ரோட்டில் ஏறியதும் கால் பம்பால் மூச்சு வாங்க அடிப்பதையும் பலமுறை பார்த்திருக்கிறார். அதே அக்காவின் மேல்தான் ஆடி மாதம் அம்மன் வருவாள். தை மாதத்தில் வந்து யாரும் பார்த்ததில்லை.

தலைமுடி அவிழ்ந்திருந்தது. கண் மேலே சொருகியிருந்தது. கூட்டம் தானாக வழிவிட்டது.

"ஏண்டா... என் கால இப்டி இறுக்கி வெச்சிக்கினு கீறீங்க?"

தர்மகர்த்தா என் மணிக்கட்டை விட்டுவிட்டுக் கைகூப்பினார். "இன்னா குத்தம் தாயே? சொல்லு தாயே!"

"கல்லு மாதிரி கீதுடா என் காலு! மணல்ல எப்டிடா நடப்பேன்? தளத்தி வுடுடா!"

"எதத் தாயே தளத்தணும்?"

"காத்தடா! காத்த வுடுடா!"

கற்பூரம் ஏற்றினார்கள். எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டு நிமிடம் முன்னால் என்னை அடிக்க வந்த கூட்டம் இப்போது டயருக்கு ஓர் ஆளாக நின்றுகொண்டு, எப்போது இறக்கலாம் என்று என் முகத்தைப் பார்த்தது. மேலே இருந்தவர்களில் அலங்காரத்தைத் தாங்கிப் பிடிக்கிறவர்களைத் தவிர மற்றவர்களை இறங்கச் சொன்னேன். எதிரெதிர்ச் சக்கரங்களை ஒரே நேரத்தில், நான் கை காட்டும்போது வால்வு ஊசியை அழுத்தி, கை தாழ்த்தும்போது விடச் சொன்னேன். புஸ்ஸென்று நான்கு பக்கமும் சத்தம். ஒவ்வொரு தடவையும் கேஜ் வைத்துக் காற்றளவு பார்த்தேன். கேஜைவிட டயரின் அடிவயிற்றைப் பார்த்தேன். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் மாதிரி லேசாகப் பிதுங்கியது.

"போதும்" என்றேன்.

அங்கேதான் எனக்கு உண்மையான சோதனை காத்திருந்தது.

"இன்னாடா போதும்? தாயே சொல்லிட்டா! முச்சூடும் வுடு!" என்றார் தர்மகர்த்தா. ஒரு சொட்டுக் காற்றுகூட இறங்கக் கூடாது என்றவர் அவர்தான். கூட்டமும் அதையே பிடித்துக்கொண்டது. முச்சூடும் வுடு, முச்சூடும் வுடு.

முழுவதும் விட்டால் முதல் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்துவிடும். மேலே அத்தனை உயர அலங்காரம் தொட்டில் மாதிரி ஆடும். குறைவாக இறக்கினால் வண்டி ஏறாது, என் தொழில் போகும். அதிகமாக இறக்கினால் அம்மனே சாய்வாள், ஊரே போகும். சரியான இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. நான் நிறுத்திய இடம்தான் அது என்று சத்தியம் செய்ய என்னாலும் முடியாது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நெற்றி நிறையக் குங்குமத்தோடு மணலில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். அங்கிருந்து உதவி வருவதாகத் தெரியவில்லை. தர்மகர்த்தாவிடமே திரும்பினேன்.

"நைனா, மொத்தமா எறக்குனா தாயி சாய்வா. சாஞ்சா நீங்க புடிச்சிக்குவீங்களா?"

அவர் அண்ணாந்து அலங்காரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஊசியை அழுத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "கைய எடுங்கடா" என்றார்.

சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வழித்துவிடச் சொன்னேன். முதலில் வந்த தடத்திலேயே ஒரு முழம் பின்னால் விட்டு, அங்கிருந்து இரண்டாவது கியரில், முட்டையின் மேல் கால் வைத்தாற்போல முன்னால் எடுத்தேன். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு ஏறிக்கொண்டது. நிறுத்தவில்லை, வேகமும் கூட்டவில்லை, ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பவும் இல்லை. மேளம் திடீரென்று அடித்ததில் நான்தான் துள்ளினேன், வண்டி துள்ளவில்லை. வரிசையில் அம்மன் போய் நின்றபோது ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

தீபாராதனை முடிந்து, கெட்டித் தரைக்கு ஏறியதும் அடுத்த கவலை. இந்தத் தொளதொள டயரோடு, உயரமான அலங்காரத்தோடு, ஊர் திரும்பும் ஏரிக்கரை ரோட்டில் வளைந்து வளைந்து போக முடியாது. கால் பம்பை அலங்காரம் செய்த இளைஞர்கள் கோயிலிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள். பக்கத்து ஊர் லாரியில் ஏர் பிரேக் இருந்தது. அதன் காற்றுத் தொட்டியில் குழாய் மாட்டினால் டயருக்கு அடிக்கலாம். தர்மகர்த்தா கேட்கப் போக மாட்டேன் என்றார். அவர்களிடமா கேட்பது? நான் போனேன். லாரி டிரைவர் வெற்றிலை மென்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"அண்ணே, உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"ஊருக்குள்ள ஆயிரம் இருக்கும். டிரைவருக்குள்ள இன்னா? வண்டியக் கிட்ட வுடு" என்றார்.

மெதுவாக ஏறியது காற்று. அந்த உயரத்துக்குத் தள்ளாடாத அளவு, அந்த எடைக்குக் குதிக்காத அளவு. அங்கே நிறுத்தினேன். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு வேகத்தடையிலும் கிரீடம் நகரவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து வந்த தர்மகர்த்தா பாதி வழியில், "இன்னாடா இது, காரு மாதிரி போவுது?" என்றார். காலையில் அடித்த காற்றில் இது பாதியும் சொச்சமும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சில விஷயங்களைச் சொல்லாமல் விடுவதும் டிரைவர் வேலைதான்.

அந்தத் தையிலும் மாசியிலும் எனக்குத் தூங்க நேரமில்லை. அம்மன் பேசின வண்டி என்று பெயராகிவிட்டது. சீர்வரிசை ஏற்ற மாகறலிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். காற்றுக் கடையில் எங்கள் ஊர் இளைஞர்கள், "அண்ணா, இன்னிக்கி இன்னா லோடு? எவ்ளோ வெக்கணும்?" என்று கேட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். அம்மனே காற்றைக் குறைக்கச் சொன்ன பிறகு, கல்லு மாதிரி அடிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. என் வாயால் நூறு தடவை சொல்லியும் நடக்காத காரியம் அது.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த சந்தை நாள் கத்திரிக்காய்க் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஆற்றோர மணல் பாதையில் வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்காவனம் அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கிப் பேசனது நீயா, தாயா?"

அக்கா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, மனத்தாங்கலாகவே சொன்னேன்.

"யாரா இருந்தாலும் சரி. காத்த வுடுன்னு சொன்னவங்க, எவ்ளோ வுடணும்னும் சேத்துச் சொல்லியிருக்கலாம் இல்ல? உசுரே போயி வந்துச்சி எனக்கு."

அக்கா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதையும் நானே சொல்லிட்டா, அப்புறம் நீ இன்னாத்துக்குடா டிரைவரு?"